இருக்கிற பெயர் ஏன் வரவில்லை?



உங்கள் வீட்டிலும் முக்கியமான கடதாசிகளைப் போட்டு வைக்கும் பை ஒன்று இருக்கும். அதை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி. அடையாள அட்டையில் லட்சுமி. சேமலாப நிதிக் கடதாசியில் லெச்சுமி. வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறொரு மாதிரி. எல்லாம் ஒருவர்தான் என்று உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கருக்கும் தெரியும். கம்பியூட்டருக்குத் தெரியுமா?

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "பெயர் வரல்லையே அம்மா" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே வரவில்லை. கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ் ஏறி, அன்றைய பேரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்த நாம், "சரி சேர்" என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம்.

அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன். "கம்பியூட்டர் சங்கதி நமக்கெதற்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது உங்கள் பெயரைப் பற்றிய சங்கதி.

பெயர், விலாசம், பணம் என்று எதைக் கம்பியூட்டரில் பதிந்தாலும், அது பெரும்பாலும் அட்டவணைகளாக ஒரு டேட்டாபேஸில் போய் உட்காரும். ஒரு காலத்தில் தோட்டத்தில் தொழிலாளர் பெயரெழுதும் செக்ரோல் புத்தகத்தில் கோடு கிழித்து எழுதியது இப்போது அங்கே இருக்கிறது. அதனிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்.கியூ.எல். கேட்கும் கேள்விக்கு 'குவெரி' என்று பெயர். டேட்டாபேஸ்களில் காசு கட்டி வாங்குவனவும் உண்டு, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடியனவும் உண்டு. இலவசமானவற்றுள் பெரிய பெயர் எடுத்தது போஸ்ட்கிரஸ். 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய வேலை அது. 1996இல் 'போஸ்ட்கிரஸ் எஸ்.கியூ.எல்.' என்ற இப்போதைய முழுப்பெயரை எடுத்தது. இன்று உலகமெங்கும் இருக்கிறவர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில், கொரோனா நம் நாட்டுக்குள் வந்துவிடுமோ என்ற பயம் தொடங்கிய நாட்களில், சுகாதார அமைச்சும் ஹிஸ்ப் ஸ்ரீலங்கா என்ற குழுவும் சேர்ந்து, விமான நிலையத்தில் வந்திறங்குகிறவர்களைப் பதிந்து கண்காணிக்கும் ஏற்பாடு ஒன்றைச் சில நாட்களிலேயே செய்து முடித்தன. அதற்கு எடுத்துக்கொண்டது ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த டி.எச்.ஐ.எஸ். 2 என்ற இலவச மென்பொருள். அதன் அடித்தளம் போஸ்ட்கிரஸ். இங்கே செய்ததைப் பார்த்துப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நோர்வேயின் நகரசபைகளே தொற்றாளர்களைத் தேட டி.எச்.ஐ.எஸ். 2ஐப் பயன்படுத்தின. அதற்கும் முன்னால், 2004 சுனாமியின்போது நம் நாட்டு இளைஞர்கள் எழுதிய 'சஹானா' என்ற இலவச மென்பொருளுக்கு 2006இல் சர்வதேச விருதும் கிடைத்தது. நம்மால் முடியாத வேலை இல்லை இது.

சரி, பெயர் ஏன் வரவில்லை?

எங்கள் சஞ்சிகையின் சந்தாதாரர் பட்டியலும் போஸ்ட்கிரஸில்தான் இருக்கிறது. கந்தப்பளைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். "கொன்கோடியா தோட்டத்துக்கு எத்தனை புத்தகம் போகிறது?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் குவெரியைத் தட்டினார். வந்த எண்ணிக்கை மிகக் குறைவு. பட்டியலைத் திரையில் உருட்டிப் பார்த்தால் இன்னும் பல கொன்கோடியாக்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. எழுத்துப் பிழையும் இல்லை. பிறகென்ன?

எழுத்தின் நீளத்தைச் சொல்லும் 'லெங்த்' என்ற கட்டளையைத் தங்கச்சி போட்டுப் பார்த்தார். ஒரு கொன்கோடியாவுக்கு 10 என்று வந்தது. அதேபோல் தெரிந்த இன்னொன்றுக்கு 12! நாம் பார்ப்பது கொ, ன், கோ, டி, யா என்று ஐந்தே எழுத்து.

விஷயம் இதுதான். கம்பியூட்டரில் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யுனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு 'ொ' என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு விதம். 'ெ' ஒன்று, 'ா' ஒன்று என்று இரண்டு குறிகளைத் தனித்தனியாகத் தட்டுவது இன்னொரு விதம். எந்தக் கீபோர்டில் தட்டினோம் என்பதைப் பொறுத்தது அது. அச்சில் இரண்டும் ஒன்றேதான். டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு தோட்டங்கள். 2020இல் வந்த போஸ்ட்கிரஸ் 13ஆம் பதிப்பில் இதற்கென்றே 'நோர்மலைஸ்' என்ற கட்டளை சேர்ந்தது. அதைப் போட்டதும் 12கள் எல்லாம் 10 ஆகிவிட்டன. கொன்கோடியாக்காரர்கள் எல்லோரும் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

எல்லாமே இப்படிச் சுலபமாகத் தீராது. 'ஔ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஒ'வையும் 'ள'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டியிருந்தால் நோர்மலைஸ் அதைத் தொடாது. 'ஸ்ரீ'யிலும் இதே தொல்லை உண்டு. நாட்டின் பெயரையே கம்பியூட்டரில் இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கிறோம் என்பது தெரியுமா? பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் அவை வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அந்தக் கோப்புகளில் பெயர் தொலைந்துபோன எத்தனையோ பெரியவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் ஓய்வுக் காசுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? டேட்டாபேஸ் எந்த இடத்திலும் 'எரர்' என்று சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தந்தது. குறைந்த ஓர் எண்ணைக் காட்டியது, அவ்வளவுதான். நான் பயப்படுவது இந்த மாதிரிப் பிழைக்குத்தான்.

சத்தம் போடும் பிழை நல்ல பிழை. போஸ்ட்கிரஸில் எக்ஸ்டென்ஷன் என்று சில துணைக்கருவிகள் உண்டு. பெயர்களின் ஒற்றுமையைப் பார்க்கும் பி.ஜி. ட்ரைகிராம் அவற்றில் ஒன்று. தங்கச்சி முதலில் அதைக் கூப்பிட்டபோது, 'ஸிமிலாரிட்டி என்று ஒரு பங்ஷன் இல்லை' என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. கீழே ஒரு குறிப்பும் தந்தது, 'தரவின் வகையை மாற்றிப் பாருங்கள்' என்று. அந்தக் குறிப்பை நம்பிப் போனால் பொழுது போய்விடும். உண்மைக் காரணம், எக்ஸ்டென்ஷனை அந்த டேட்டாபேஸில் போடாததுதான். ஒரே கம்பியூட்டரில் நான்கு டேட்டாபேஸ் இருந்தால் நான்கிலும் தனித்தனியாக 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தும் 'கன்ட்ரோல் கோப்பு இல்லை' என்று வந்தால், துணைக்கருவிகளின் பொதியே கம்பியூட்டரில் இல்லை என்று அர்த்தம். அதைப் பதிந்தால் போதும். இது அரை மணி நேர வேலை. யாருடைய காசும் நிற்காது.

சத்தம் போடாதவைதான் வீட்டைத் தாக்கும்.

'நல்' என்று ஒன்று இருக்கிறது. 'தெரியாது' என்று அதற்கு அர்த்தம். பூச்சியமும் அல்ல, வெற்றிடமும் அல்ல. உதவி கிடைத்தவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். "இதில் இல்லாத குடும்பங்களைக் காட்டு" என்று 'நொட் இன்' போட்டுக் கேட்கிறோம். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் குடும்ப இலக்கம் போடாமல் 'நல்' இருந்தால் போதும், பதிலாக ஒரு குடும்பமும் வராது. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்றுதானே? 'நொட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றிக் கேட்டால் விடுபட்டவர்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள்.

இரண்டு அட்டவணைகளை இணைக்கும் 'ஜொயின்' இன்னொன்று. குடும்பங்களின் அட்டவணையை வீதி இலக்கங்களின் அட்டவணையோடு இணைத்தால், வீதி இலக்கம் இல்லாத குடும்பம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். தோட்டத்து லய வீடுகளுக்கு ஏது வீதி இலக்கம்? 'லெப்ட் ஜொயின்' போட்டால் விழாது.

அடையாள அட்டையிலும் இதே கதை. 2016இல் 12 இலக்கப் புதிய எண் வந்தது. பழைய எண்ணுக்கு 9 இலக்கமும் ஓர் எழுத்தும். முன்னால் 19 சேர்த்து, நடுவே ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்தால் பழையது புதியதாகிவிடும். அதைச் செய்யாமல் இணைத்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகி, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சேராமல் கிடப்பார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அது இன்னும் மோசம்: இரண்டு ஆள் ஒரே ஆளாவது. ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில் இரண்டு ராஜேஸ்வரிகள் இருக்கிறார்கள். இரண்டு பேருடைய அப்பாவும் பெருமாள். விலாசம் இருவருக்கும் ஒன்றே: தோட்டத்தின் பெயர், மேல்பிரிவு, கந்தப்பளை. நகரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கே வேறு வேறு விலாசம். இங்கே ஒரு பிரிவில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கும் ஒரே விலாசம். 'இரட்டைப் பதிவை நீக்கு' என்று யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு 'டிஸ்டிங்க்ட்' போடுகிறார். பெயரும் விலாசமும் ஒத்துப்போகிறதே! ஒரு ராஜேஸ்வரி மிஞ்சுவார். மற்றவர் எங்கே? எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. பட்டியல் முன்னைவிட அழகாகவும் இருக்கும். மேல்பிரிவில் ஒருநாள் இருந்துவிட்டு வந்த பிள்ளை அந்தக் குவெரியை எழுதியிருக்குமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கம்பியூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக. 2018 ஆகஸ்ட்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் ஜிலிப்சி என்ற அடிப்படைத் தொகுப்பின் 2.28ஆம் பதிப்பு வந்தது. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதியை அது மாற்றிவிட்டது. போஸ்ட்கிரஸ் தேடுவதற்கு வைத்திருக்கும் இன்டெக்ஸ்களோ பழைய வரிசையிலேயே இருந்தன. அகராதியின் வரிசையை இரவோடிரவாக மாற்றிவிட்டு, பழைய இடத்தில் சொல்லைத் தேடினால் எப்படியிருக்கும்? பெயர் உள்ளே பத்திரமாக இருக்கும், தேடினால் வராது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். தீர்வு 'ரீஇன்டெக்ஸ்' என்ற ஒரே கட்டளை. 15ஆம் பதிப்பிலிருந்து இந்த வரிசை மாற்றத்தைப் போஸ்ட்கிரஸே எச்சரிக்கிறது. எச்சரிக்கையை வாசிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இனி லெட்சுமி அம்மாவிடம் வருவோம். எழுதிய விதம் வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருக்கும் பெயர்களைப் பிடிக்க 'சவுண்டெக்ஸ்' என்று ஒரு பழைய வழி இருக்கிறது. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. போஸ்ட்கிரஸின் எக்ஸ்டென்ஷன் ஒன்றிலும் அது உண்டு. ஆங்கிலத்தில் கே-எஸ்-எச் போட்டு எழுதிய லக்‌ஷ்மியைக் கொடுத்தால் 'எல் 250' என்று ஒரு குறியீடு தரும். எக்ஸ் போட்டு எழுதினாலும் அதே 250. நல்லது. நம் தோட்டங்களில் டி-சி-எச் போட்டு எழுதுகிறோமே, அந்த லெட்சுமியைக் கொடுத்துப் பாருங்கள்: 'எல் 325'. கொழும்பு லக்‌ஷ்மிகள் எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்துகொள்ள, தோட்டத்து லெட்சுமி தனியாக நிற்பார். ஆங்கிலப் பெயர்களுக்காக நூறு வருஷத்துக்கு முன் செய்த சட்டை அவருக்குப் பொருந்தாததில் ஆச்சரியம் என்ன?

பி.ஜி. ட்ரைகிராம் இதைவிடப் பரவாயில்லை. பெயரை மூன்று மூன்று எழுத்தாகத் துண்டாக்கி, இரண்டு பெயருக்கும் எத்தனை துண்டு பொது என்று பார்த்து, 0 முதல் 1 வரை மார்க் போடும். வழக்கமாக 0.3 எடுத்தால் 'ஒத்தது'. ஆனால் தமிழ்ப் பெயர்களில் இதைப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். 'துண்டுகளைக் காட்டு' என்று ஒரு தமிழ்ப் பெயரைக் கொடுங்கள். வெறும் அடைப்புக்குறி மட்டும் வந்தால், டேட்டாபேஸை உருவாக்கியவர் லொகேல் என்ற மொழி அமைப்பை 'சி' என்று விட்டிருக்கிறார். தமிழ் எழுத்தை எழுத்தாகவே மதிக்காத அமைப்பு அது. அங்கே எந்தத் தமிழ்ப் பெயருக்கும் மார்க் பூச்சியம்தான். தரவை வெளியே எடுத்து, யு.டி.எப். 8 லொகேலோடு புதிய டேட்டாபேஸ் செய்து, திரும்பக் கொட்ட வேண்டும். அலுப்பான வேலைதான். செய்யத்தான் வேண்டும்.

அலுவலகங்களில் இந்த வேலை பார்க்கும் அன்பர்களிடம் ஒரு வார்த்தை. ஒத்த பெயரைக் கருவி காட்டட்டும், முடிவை ஆள் எடுக்கட்டும். 0.3 மார்க்கை நம்பி லெட்சுமியையும் ஜெயலெட்சுமியையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். எழுத்தைத் 'திருத்துகிறேன்' என்று எங்கள் அம்மாமாரின் பெயரை மாற்றவும் வேண்டாம். அவர்கள் கொடுத்ததை அப்படியே அட்டவணையின் ஒரு பத்தியில் வையுங்கள், தேடுவதற்கு இன்னொரு பத்தியை வைத்துக்கொள்ளுங்கள். குவெரி ஓடுவதற்கு முன் எத்தனை பேர், பின் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் குறைந்தவர்களின் பெயர்களை எடுத்து வாசியுங்கள். கஷ்டமா?

இவ்வளவு தூரம் ஏன் அழுத்திச் சொல்கிறேன்? பட்டியலில் பெயர் இல்லாமல் போவதென்றால் என்ன என்பது நம் மலையக மக்களுக்குத் தெரியும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 'பிறகு பார்க்கலாம்' என்று வைத்தது. அந்த மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரிக்க 1974 ஆனது. கடைசிவரை நாடற்றவர்களாக எஞ்சி நின்றவர்களுக்கு உரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அது கம்பியூட்டர் பிழை இல்லை. அரசாங்கங்கள் தெரிந்தே போட்ட கணக்கு. இப்போது நடப்பது தெரியாமல் நடப்பது. ஆனால் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவி, சேமலாப நிதி என்று எதற்காக வரிசையில் நின்றாலும், கவுண்டரில் நிற்கும் அம்மாவுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கும்? "திரும்பவும் நம்ம பேர் இல்லையாம்."

அதனால் பெற்றோரிடம் கேட்கிறேன். பிள்ளை உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கிறேன் என்றால் யோசிக்காமல் விடுங்கள். கொழும்புக் கடைக்குப் போகிறேன் என்று நிற்கும் தம்பியிடமும் ஒருமுறை பேசிப் பாருங்கள். போஸ்ட்கிரஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. புது லெப்டொப் தேவையில்லை, பழையதே போதும். அதன் கையேடும் இலவசம். ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எஸ்.கியூ.எல்.லில் அன்றாடம் புழங்கும் சொற்கள் ஐம்பதைத் தாண்டாது. ஒரு சீசன் வெங்காயக் கணக்கு, கரட் கணக்கு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அட்டவணை புதிதல்ல.

குவெரியை யாரும் படித்துக்கொள்ளலாம். லெச்சுமியும் லட்சுமியும் ஒருவர்தான், ஆனால் மேல்பிரிவு ராஜேஸ்வரிகள் இருவர் என்பதை எந்தப் புத்தகத்தில் படிப்பது? அது தெரிந்த பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சின்னதாக ஒரு வேலையை நாமே தொடங்கலாம் என்று நினைக்கிறோம். நம் தோட்டப் பெயர்களை எழுதும் விதங்கள் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் சேர்க்கப் போகிறோம். கொன்கோடியா, கொங்கோடியா, கொன்கோர்டியா மூன்றும் ஒன்று. எஸ்கடேல், எஸ்க்டேல் ஒன்று. கோட்லோஜை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எங்களுக்கே இன்னும் கணக்குத் தெரியவில்லை. சேர்த்து முடித்ததும் எந்த அலுவலகம் கேட்டாலும், எந்தப் பிள்ளை கேட்டாலும் இலவசமாகக் கொடுப்போம்.

உங்கள் தோட்டத்தின் பெயர் பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறது, சம்பளச் சீட்டில் எப்படி இருக்கிறது, பஸ் கண்டக்டர் எப்படிக் கூவுகிறார், பாட்டி எப்படிச் சொல்கிறார் என்று ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். பிரிவின் பெயரும் வேண்டும். உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் எழுத வேண்டாம். அது எங்களுக்குத் தேவையில்லை. வேறு யாராவது தேவையில்லாமல் கேட்டாலும் "எதற்கு?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்